பட்டாளத்துப் பேட்டரி

தூத்துக்குடியில் யாராவது எதையாவது வாங்கப் போகிறார் என்றால், துட்டை மடியில் முடிந்துகொண்டு முதலில் நயினார் கடைக்குத்தான் போவார். கருப்பட்டி வாங்க இல்லை. நயினாரைக் கூட்டிக்கொண்டு போக. மாடு பிடிப்பதற்கும், பானை எடுப்பதற்கும், நிலைக்கதவுக்கு மரம் பார்ப்பதற்கும், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கும் நயினார் வந்து ஒரு தடவை தலையை ஆட்டிவிட வேண்டும். கூலி வாங்கமாட்டார். ஒரு காப்பியும், போகிற வழியில் நாலு பேர் "அண்ணாச்சி எங்க கெளம்பிட்டிய?" என்று கேட்பதும் போதும். அந்தக் கேள்விக்காகவே நேர் வழியை விட்டுவிட்டு பஜாரைச் சுற்றிக்கொண்டு போவார்.

அவருடைய கடை துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. உடன்குடிப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகக் கருப்பட்டி வந்து இறங்கும். இருபத்தைந்து வருஷமாக அதைத் தட்டியும் முகர்ந்தும் உடைத்தும் நாக்கில் வைத்தும் பழகியவர். கருப்பட்டியைப் பொறுத்தவரை அவர் கெட்டிக்காரர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வினை என்னவென்றால், உலகத்தில் உள்ள மற்ற எல்லாச் சாமானும் கருப்பட்டியின் தம்பி தங்கைகள்தான் என்று அவர் நினைத்துக்கொண்டதுதான். ஆகவே மாட்டையும் தட்டிப் பார்த்தார். மரத்தையும் முகர்ந்து பார்த்தார். மாப்பிள்ளையை மட்டும் நாக்கில் வைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்கு அவன் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து முடிவு சொன்னார்.

அவர் பார்த்துக் கொடுத்த மாடு உழவில் படுத்துக்கொண்டால் மண் சரியில்லை. பானை கசிந்தால் தூத்துக்குடித் தண்ணீர் உப்பு. மாப்பிள்ளை பெண்ணை அடித்தால் அது கல்யாணத்துக்கு அப்புறம் ஏற்பட்ட கெடுதல், அன்றைக்குப் பார்த்தபோது இல்லை. இப்படியே ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஒரு தப்புகூடச் செய்யாமல் வந்துவிட்டார் மனுஷன்.

வீட்டில் வடிவம்மாள். அவள் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. புடவையின் நிறத்தைக்கூட நயினார்தான் எடுத்துக்கொண்டு வருவார், சாயத்தைத் தேய்த்துப் பார்த்து. பிள்ளை ஒருவன்தான், பால்துரை. நல்ல குரல் அவனுக்கு. கோயில் பஜனையில் அவன் எடுத்துக் கொடுத்தால் கூட்டம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்ளும். அவனுக்குப் பதினெட்டு வயதானபோது நயினார் ஒரு நாள் அவனையும் ஏற இறங்கப் பார்த்து, தரம் பிரித்து, கடைக்கு ஆகிற சரக்கு என்று முடிவு கட்டினார். கொழும்பில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நாற்பத்தொன்றாம் வருஷம் பையனைக் கப்பல் ஏற்றிவிட்டார்.

அதோடு யுத்தம் முற்றிப்போயிற்று. கொழும்பில் குண்டு விழுந்தது. மூன்று மாசம் கடிதம் இல்லை. அந்த மூன்று மாசமும் வடிவம்மாள் என்ன சாப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அப்புறம் கடிதம் வந்தது, வந்துகொண்டும் இருந்தது, ஆனால் பையன் வரவில்லை. வடிவம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. நயினார்தான் வாசிப்பார். "அம்மா சுகமா" என்பதையும் "கொத்தமல்லி இருபது மூட்டை" என்பதையும் அவர் ஒரே குரலில்தான் வாசிப்பார். ஐந்து வருஷமாக மகன் சொன்னதையெல்லாம் அவள் புருஷன் தொண்டையில்தான் கேட்டாள். அவளுக்கு மகனுடைய குரல் மறந்துகொண்டு வந்தது. அது அவளுக்குத் தெரியவும் தெரிந்தது, அதுதான் கொடுமை.

நாற்பத்தாறு செப்டம்பரில் கொழும்பிலிருந்து வந்த தோணி ஒன்றில், வைக்கோல் சுற்றிய பெட்டியில் ஒரு ரேடியோ வந்து இறங்கியது. கூடவே கடிதம். பால்துரை கடை வேலையோடு பாட்டும் கற்றுக்கொண்டானாம். கொழும்பு ரேடியோவில் அவனுக்குக் கால் மணி நேரம் பாடக் கொடுத்திருக்கிறார்களாம். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. அம்மா கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த ரேடியோவை வாங்கி அனுப்புகிறேன், நம் தெருவுக்குத்தான் இன்னும் கரண்ட் வரவில்லையே, ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று மட்டும் அங்கே பார்த்து வாங்கிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தான்.

பார்த்து வாங்கிக்கொள்ளவும் என்ற இடத்தை நயினார் இரண்டு தடவை வாசித்தார். அம்மா கேட்க வேண்டும் என்ற இடத்தை வடிவம்மாள் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். அவர் அதற்குள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் விக்டரின் கொட்டகைக்குப் போனார். விக்டர் புன்னைக்காயல்காரன். துறைமுகத்து மோட்டார் லாஞ்சில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, கடற்கரைச் சாலையில் ஒரு எண்ணெய் இஞ்சினை வைத்துக்கொண்டு லாரி, கார் பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிறவன். ரேடியோக்காரர்களுக்கு வாரத்துக்கு ஒரு பேட்டரி வாடகைக்கும் கொடுப்பான். தீர்ந்ததைக் கொண்டுவந்து போட்டுவிட்டு ஏற்றியதை எடுத்துக்கொண்டு போகலாம். மேல்பக்கம் தார் பூசி ஒட்டிய ஒரு பழைய பேட்டரியைக் காட்டி, இதையே எடுத்துப் போங்கள், நாலு வருஷமாக என் கையில் இருக்கிறது, ஒரு நாள்கூட ஏமாற்றியதில்லை என்றான்.

நயினார் அதைத் தொடக்கூட இல்லை. நாலு வருஷமாக ஊரெல்லாம் எடுத்துப் பிழிந்த சாமான். எத்தனை வீட்டு ரேடியோவில் கிடந்ததோ. நயினார் வீட்டில் பிறத்தியார் கழித்த சாமானா? விக்டரின் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லாமல், வேறு சரக்கும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தார்.

நேரே எஸ்றாவிடம் போனார். எஸ்றா நாசரேத்திலிருந்து வந்தவன். பட்டாளத்துக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சாமான்களை ஏலத்தில் எடுத்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் குவித்துவைத்து விற்றுக்கொண்டிருந்தான். இடது கால் பூட்சாக நாற்பது, கைப்பிடி இல்லாத கெட்டில்கள், எதற்கென்று யாருக்கும் தெரியாத பித்தளைக் குழாய்கள், அவற்றுக்கு நடுவே ஒரு வரிசையில் பதினோரு பேட்டரிகள். எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் கனத்துக்குத் தூசி.

நயினார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். விரல் கணுவால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எஸ்றா பின்னாலேயே நடந்தான். எல்லாவற்றிலும் பெரியதாக, பட்டாள லாரியில் இருந்தது போல ஒன்று கிடந்தது. அதைத் தூக்கியபோது நயினாரின் முதுகில் ஏதோ சொடுக்கியது. அந்தச் சத்தத்திலேயே அவர் மனசு பாதி விழுந்துவிட்டது. எத்தனை வருஷத்துச் சரக்கு என்று கேட்டார்.

"போன மாசந்தான் அண்ணாச்சி. புத்தம் புதுசு," என்றான் எஸ்றா.

நயினாரின் முகம் விழுந்தது. ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கருப்பட்டிக்காரனுக்குப் புதிதைவிடப் பழையது உசத்தி. பரணில் ஏற்றி, அடுப்புப் புகை படவிட்டு, வருஷக்கணக்கில் வைத்த கருப்பட்டிதான் மருந்துக்கு ஆகும். கேட்ட விலைக்குப் போகும். எஸ்றாவுக்குக் கருப்பட்டி தெரியாது, ஆனால் முகம் பார்க்கத் தெரியும். போன மாசம் வந்தது தன் கிடங்குக்குத்தான் என்று உடனே திருத்தினான். அதற்கு முன்னால் பட்டாளத்துக் கிடங்கில் ஒரு வருஷம் கிடந்தது. நயினாரின் புருவம் கொஞ்சம் ஏறியது. ஒன்றரை என்றுகூடச் சொல்லலாம். புருவம் இன்னும் ஏறியது. சீமையிலிருந்து கப்பலில் வருவதற்கு முன்னால் அங்கேயும் ஒன்றரை வருஷம் சும்மா இருந்ததாகக் கேள்வி என்று சொல்லி, மூன்று வருஷத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். விற்கிறவனே பொருளின் வயதைக் கூட்டிக்கொண்டு போன பேரம் அந்தத் துறைமுகத்தில் அதற்கு முன்னால் நடந்திருக்காது.

"மூணு வருசமா ஆரும் தொடல?"

"கை படல அண்ணாச்சி. ஒங்க கைதான் மொத கை."

நயினார் குனிந்து, முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததைப் பார்த்தார். எஸ்றா தடுப்பதற்குள் நாக்கை நீட்டி ஒரு தடவை நக்கிவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆசிட் பூத்த இடம் அது. நாக்கின் நுனி அங்கேயே வெந்துபோயிற்று. ஆனாலும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். சரக்கில் காரம் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு கூலியாட்கள் மூங்கிலில் கட்டித் தூக்கி, பேட்டரியைச் சார்ஜ் ஏற்ற விக்டரிடமே கொண்டுவந்து வைத்தார்கள். நயினார் பஜாரைச் சுற்றித்தான் அழைத்து வந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விக்டர் மூடிகளைக் கழற்றி, கண்ணாடிக் குழாய் ஒன்றை விட்டு ஆசிடை உறிஞ்சிப் பார்த்தான். மூன்று அறையிலும் குழாய்க்குள் இருந்த மிதவை எழுந்திருக்கவே இல்லை, ஆசிடில் சத்தே இல்லை. உள்ளே தகடெல்லாம் வெள்ளை படிந்திருந்தது. அவனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, இது கருப்பட்டி இல்ல," என்றான். "பேட்டரிய சும்மா போட்டா உள்ளுக்குள்ளயே செத்துரும். நெதமும் எறக்கி நெதமும் ஏத்தணும். வேல செஞ்சாத்தான் அதுக்கு உசுரு. நீங்க வேண்டாம்னியள்லா, அந்தத் தார் பூசுனது, அது நல்லாருக்கதே நெதமும் ஓடுததுனாலதான்."

நயினாரால் நாக்குப் புண்ணோடு அதிகம் பேச முடியவில்லை. தன் சரக்கு வாடகைக்குப் போகவில்லை என்று விக்டருக்கு வயிற்றெரிச்சல் என்று மனசுக்குள் எழுதிக்கொண்டார். வெள்ளைக்காரன் ஒரு யுத்தத்தையே நம்பிக் கொண்டுவந்த பேட்டரி. புன்னைக்காயல்காரன் குழாயை விட்டுப் பார்த்துக் குற்றம் சொல்கிறான். ஏற்று, போதும் என்று சைகை காட்டினார்.

நாலு நாள் ஏற்றினான் விக்டர். நாலாம் நாள் ஒருவாறு உயிர் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, தினமும் அரை மணி நேரமாவது ரேடியோவைப் போடுங்கள், பாட்டுக்கு முதல் நாள் என்னிடம் கொண்டுவாருங்கள், மறுபடி ஏற்றித் தருகிறேன் என்று படித்துப் படித்துச் சொன்னான்.

நயினாருக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நிறைந்த பானையைத் தொடாமல் வைத்தால் எப்படிக் குறையும்? எடுத்தால்தானே குறையும்? பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. ஆட்களை விட்டுப் பேட்டரியை அடுக்களைப் பரணில் ஏற்றினார், பழைய கருப்பட்டிக்குப் பக்கத்திலேயே. பரண் ஒரு தடவை முனகியது. அடியில் அடுப்பு, அடுப்புக்கு முன்னால் வடிவம்மாள்.

அவள் இரண்டு தடவைதான் வாயைத் திறந்தாள். விக்டர் தம்பி காட்டிய பேட்டரியையே எடுத்தால் என்ன என்று கேட்டாள். அவர் சிரித்தார். சரி, ரேடியோவை ஒரு தடவையாவது போட்டுப் பார்ப்போமே, எப்படித் திருப்புவது என்றாவது தெரிந்துகொள்கிறேன் என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. அரை நாழிகை பாட்டை இன்றைக்குக் கேட்டுவிட்டால் அன்றைக்கு உன் மகன் பாட்டு நடுவில் நின்றுபோகும், அது பரவாயில்லையா என்று கேட்டார். வடிவம்மாள் அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த வாரம் பரணிலிருந்து ஒரு சொட்டு ஆசிட் விழுந்து அவள் புடவைத் தலைப்பில் பொத்தல் விழுந்தது. அதற்கும் பேசவில்லை. பேசாமல் இருக்கிற மனுஷிக்கு அபிப்பிராயம் இல்லை என்பது நயினாரின் இன்னொரு கண்டுபிடிப்பு.

பன்னிரண்டாம் தேதி வந்தது. நயினார் தெருவையே கூப்பிட்டிருந்தார். நாற்பது பேர் இருக்கும். பெஞ்சு, பாய், வெற்றிலைத் தட்டு, அதில் ஆத்தூர் வெற்றிலை. வாசலில் இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கம்பி கட்டியிருந்தது. ஐந்து மணியிலிருந்தே அவர் பேட்டரி தேர்ந்தெடுப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். கனம் பார்க்க வேண்டும், ஓசை பார்க்க வேண்டும், ஆனால் முக்கியம் வயது. நாக்குப் புண்ணின் தழும்பை வேண்டியவர்களுக்குக் காட்டினார். சிலர் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

ஆறு மணிக்கு மேல் பேட்டரியை இறக்கினார்கள். வடிவம்மாளைக் கூப்பிட்டார். காணோம். காப்பிக்குப் பால் போதவில்லை என்று சொம்பை எடுத்துக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நாற்பது பேரைக் கூப்பிடுகிற வீட்டில் பாலைக்கூட முன்னாலேயே பார்த்துவைக்கத் தெரியாதா என்று நயினார் எல்லாருக்கும் கேட்கிறபடி அலுத்துக்கொண்டார்.

ஆறரைக்கு விசையைத் திருப்பினார். ரேடியோவின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. கூட்டம் ஆ என்றது. கொஞ்சம் இரைந்தது, அப்புறம் கொழும்பு பேசியது, தெளிவாக, பக்கத்து அறையில் நின்று பேசுவது போல. இப்போது தூத்துக்குடி பால்துரை பாடுவார் என்றது. நயினார் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை முடிவதற்குள் சுருதிப்பெட்டியின் ஓசை மெலிந்தது, கொசு இரைகிற மாதிரி ஆயிற்று, மஞ்சள் வெளிச்சம் சிவந்து, பிறகு அதுவும் இல்லை.

நயினார் விசையைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், பேட்டரியைத் தட்டினார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நல்ல மனசோடு, கொழும்பில் ஏதாவது கோளாறாக இருக்கும் என்றார். அருமையான சமாதானம். வேறு எந்த நாளாக இருந்தாலும் நயினார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருப்பார். வாயைத் திறக்கவும் செய்தார். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு வடிவம்மாளின் ஞாபகம் வந்தது. பால் சொம்போடு அவள் வாசலில் வந்து நின்று, பாட்டு எங்கே என்று பார்க்கப் போகிறாள். ஐந்து வருஷம். அங்கே பையன் பாடிக்கொண்டே இருக்கிறான், இந்த நிமிஷம் பாடிக்கொண்டிருக்கிறான், அது போய்க்கொண்டே இருக்கிறது. ஒருவரும் தடுத்து நிறுத்தி அதைத் திரும்ப வாங்கித் தர முடியாது. ஆயுசில் முதல் தடவையாகத் தன் பெயரைப் பற்றி நினைக்காமல், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் கடற்கரைச் சாலையை நோக்கி ஓடினார். பஜார் வழியாக இல்லை, சந்து வழியாக. விக்டரின் தார் பூசின பேட்டரியைக் காலில் விழுந்தாவது வாங்கிவந்துவிட வேண்டும்.

கொட்டகையில் இஞ்சின் நிறுத்தியிருந்தது. உள்ளேயிருந்து பாட்டு வந்தது.

விக்டரின் பழைய ரேடியோ பலகைமேல் இருந்தது. அதனோடு கம்பி கோத்துக் கீழே அந்தத் தார் பூசின பேட்டரி. விக்டர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டிமேல், மடியில் வெறும் பால் சொம்போடு, வடிவம்மாள்.

நயினார் வாசலில் நின்று அவள் பேரைச் சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினாள். பேசாதீர்கள் என்ற கை. முப்பது வருஷத்தில் அவள் அப்படிக் காட்டியதில்லை. நயினார் வாயை மூடிக்கொண்டார்.

திருச்செந்தூர் முருகன்மேல் ஒரு பாட்டு. குரல் தடித்திருந்தது, நன்றாக முதிர்ந்திருந்தது. தன் பிள்ளைதானா என்று நயினாருக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த வரியில் ஓரிடத்தில் அவன் மூச்சு வாங்கினான், சின்னப் பையனாக இருக்கும்போது வாங்குவானே, அதே மாதிரி. இரண்டு வரிதான் அவருக்குக் கிடைத்தது. பாட்டு முடிந்துவிட்டது. கொழும்பு வேறு எதையோ சொல்லத் தொடங்கியது. விக்டர் சத்தம் போடாமல் ரேடியோவை அணைத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான்.

வடிவம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நயினார் இன்னும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து இந்த ஏற்பாடு என்று கேட்டார். பேட்டரியைப் பரணில் ஏற்றிய அன்றைக்கே வந்து சொல்லிவைத்துவிட்டேன் என்றாள் அவள், கீரை வாங்கியதைச் சொல்வது போல.

"ஏளா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா கேப்பியளா?" என்றாள். "இவன கப்பல் ஏத்தாண்டாம், ஏத்தாண்டாம்னு அன்னைக்கு ராவும் பகலும் சொன்னேன். கேட்டியளா?"

மண் சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று சொல்ல நயினாருக்கு அங்கே ஒன்றும் இல்லை. அவள் போகிற வழியில் பாலை வாங்கிக்கொண்டாள். அவர் பின்னாலேயே நடந்தார்.

நாற்பது பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். காப்பி வராமல் யாரும் எழுந்திருப்பதாக இல்லை. விக்டர் கொட்டகையில் பாட்டு வந்ததாம் என்ற செய்தி அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஜவுளிக்கடைக்காரர்தான் கேட்டார்.

"எப்படி அண்ணாச்சி, பய நல்லாப் பாடுனானா?"

எல்லாரும் நயினாரின் முகத்தைப் பார்த்தார்கள். இனி அவர் தலையை ஆட்டுவார், தரம் என்னவென்று சொல்லுவார். அந்தத் தெருவில் அதுதானே வழக்கம். நயினார் தொண்டையைச் செருமினார். சொம்போடு உள்ளே போய்க்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "அவதான் கேட்டா. அவகிட்ட கேளுங்க."